சொன்ன இடத்தில் நிற்கும் மோட்டார்

2018-ஆம் ஆண்டில் கும்பகோணம் நகராட்சிக்கு ஒரு புதுமையான இயந்திரம் வந்து சேர்ந்தது. பெயர் பேண்டிகூட், அதாவது பெருச்சாளி. பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கி, அடைப்பை எடுத்து, கசடை வாரி மேலே கொண்டுவரும் இயந்திர மனிதன் அது. கேரளத்தைச் சேர்ந்த ஜென்ரோபோட்டிக்ஸ் என்னும் இளம் பொறியாளர்களின் நிறுவனம் இதை உருவாக்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் முதன்முதலாக வேலைக்கு இறங்கிய இந்தப் பெருச்சாளி, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியின் உதவியால் காவிரிக் கரைக்கும் வந்தது. சாக்கடையில் வாழும் பிராணியின் பெயரை வைத்ததில் சற்றுக் குறும்பு இருந்தாலும் பொருத்தமும் இருக்கிறது அல்லவா?

இதன் தேவை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய குழிக்குள் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியில் தங்கிவிடும். சிறிய அளவில் இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசி நம்மை எச்சரிக்கும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் முகரும் நரம்பே மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று தொழிலாளி எண்ணும் வேளைதான் மிக ஆபத்தான வேளை. அளவு ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் அதே கதிக்கு ஆளாகிறார். சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை ஏற்பட்டதே, இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

சரி, குழிக்குள் ஓர் இயந்திரக் கையை இறக்குவது அவ்வளவு கடினமா? மோட்டார் இல்லாத வீடு இன்று ஏது? மின்விசிறியில் ஒன்று, மாவரைக்கும் இயந்திரத்தில் ஒன்று, வயலில் ஆழ்குழாய்க் கிணற்றில் ஒன்று. இவற்றில் ஒன்றை எடுத்துக் கையின் மூட்டில் பொருத்தினால் போதாதா?

போதாது. மின்விசிறி மோட்டாருக்குத் தெரிந்தது சுற்றுவது ஒன்றே. கைக்கு வேண்டியது அதுவன்று. நாற்பது பாகை மடங்கு என்றால் நாற்பது பாகையில் போய் நிற்க வேண்டும். கையில் சுமை ஏறினாலும் அங்கேயே நிற்க வேண்டும். யாராவது தட்டி விட்டாலும் திரும்ப அங்கேயே வர வேண்டும். இந்தக் குணம் உடைய மோட்டாருக்குத்தான் சர்வோ மோட்டார் என்று பெயர். இலத்தீன் மொழியில் சர்வஸ் என்றால் அடிமை. ஏவிய இடத்தில் நிற்பதால் இப்பெயர்.

மதகடியில் நிற்கும் மனிதர்

தஞ்சை மாவட்டத்து வாசகர்களுக்கு சர்வோ மோட்டாரை விளக்குவது எளிது. ஆற்று மதகுகளில் வேலை பார்க்கும் லஸ்கரைப் பார்த்திருப்பீர்கள். இந்த வாய்க்காலில் இரண்டடி தண்ணீர் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வருகிறது. அவர் என்ன செய்கிறார்? முதலில் மதகுச் சுவரில் தீட்டியுள்ள அளவுகோலைப் பார்க்கிறார். ஒன்றரை அடி காட்டுகிறது. ஷட்டரின் திருகைச் சுற்றிச் சற்றே உயர்த்துகிறார். மீண்டும் அளவுகோலைப் பார்க்கிறார். இரண்டடிக்கு மேல் போனால் கொஞ்சம் இறக்குகிறார். இரவில் ஆற்றில் தண்ணீர் கூடினால் விடிந்ததும் அதற்கேற்ப மறுபடி திருகுகிறார்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. வேண்டிய அளவு ஒன்று, உள்ள அளவு ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் செயல் ஒன்று. செயலின் விளைவு மறுபடியும் பார்வைக்கு வந்து அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது. இதைப் பொறியாளர்கள் பின்னூட்டம் என்பார்கள். அளவுகோலைப் பாராமல், உத்தரவு வந்தவுடன் பத்துச் சுற்றுத் திருகிவிட்டு வீட்டுக்குப் போகும் லஸ்கர், பின்னூட்டம் இல்லாத சாதாரண மோட்டாருக்குச் சமம்.

பொழுதுபோக்காக இயந்திரம் செய்வோர் வாங்கும் சர்வோ மோட்டார் தீப்பெட்டி அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ உள்ள ஒரு பெட்டி. அதற்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன. வேகமாகச் சுழலும் சிறு மோட்டார் ஒன்று. அதன் வேகத்தை இருநூறு, முந்நூறு மடங்கு குறைக்கும் பற்சக்கர வரிசை ஒன்று. கடைசிப் பற்சக்கரத்தின் தண்டோடு சேர்ந்து திரும்பும் மாறும் மின்தடை ஒன்று; வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் இருப்பது போன்றதே இது. தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் தருவதால் இதுவே அளவுகோல். நான்காவதாக, ஒப்பிட்டுப் பார்த்து மோட்டாரை ஏவும் மின்னணுச் சுற்று, இதுதான் லஸ்கர்.

வெளியிலிருந்து மூன்று கம்பிகள் உள்ளே போகின்றன. இரண்டு மின்சாரத்துக்கு, மூன்றாவது உத்தரவுக்கு. உத்தரவு துடிப்புகளாக வருகிறது. ஒரு விநாடிக்கு ஐம்பது துடிப்புகள். அதாவது 20 மில்லி விநாடிக்கு ஒன்று. துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் செய்தி அடங்கியிருக்கிறது. 1.5 மில்லி விநாடி நீடித்தால் தண்டு நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடியானால் ஒரு பக்கம் 45 பாகை, 2 மில்லி விநாடியானால் மறுபக்கம் 45 பாகை. கணக்குப் போட்டால் ஒரு பாகைக்குச் சுமார் 11 மைக்ரோ விநாடி வருகிறது. விநாடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு அதில் பதினொரு கூறு! இவ்வளவு நுட்பமான உத்தரவைச் சில நூறு ரூபாய்ப் பெட்டி புரிந்துகொள்கிறது என்பதை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது.

டிஜிட்டல் என்பதன் பொருள்

பழைய வகைச் சர்வோவில் ஒப்பிடும் வேலை துடிப்பு வரும்போதெல்லாம் நடைபெறும். அதாவது விநாடிக்கு ஐம்பது முறை. தண்டு சிறிதளவே விலகியிருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடிக்கு ஒரு சின்னஞ்சிறு உந்துதல்தான். இடைப்பட்ட நேரத்தில் அது சும்மா இருக்கும். ஆகவே சுமை ஏறிய கை சற்றுத் தொய்ந்த பிறகே மோட்டார் விழித்துக்கொள்ளும்.

டிஜிட்டல் சர்வோவில் லஸ்கரின் இடத்தில் ஒரு நுண்கணிப்பான் அமர்ந்திருக்கிறது. உத்தரவு விநாடிக்கு ஐம்பது முறை வந்தாலும், அது தன் பங்குக்கு விநாடிக்கு முந்நூறு முறையோ அதற்கு மேலுமோ மோட்டாருக்கு உந்துதல் தருகிறது. சிறு விலகலுக்கும் முழு வலிமையோடு எதிர்த்து நிற்கிறது. மோட்டாரும் பற்சக்கரமும் அதேதான். அடிக்கடி பார்ப்பதிலும் உடனே திருத்துவதிலும்தான் வேறுபாடு.

அடிக்கடி திருத்துவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அடிப்பாகம் குண்டான தஞ்சாவூர்ப் பொம்மையைத் தட்டிவிட்டுப் பாருங்கள். அதன் எடை அடியில் இருப்பதால் நிமிர்ந்தே தீரும். ஆனால் நேரே வந்து நிற்பதில்லை. மறுபக்கம் சாய்ந்து, திரும்பவும் இப்பக்கம் சாய்ந்து, பலமுறை ஆடிய பின்னரே ஓய்கிறது. நிமிர்த்தும் விசை இருந்தால் மட்டும் போதாது, ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதை இந்தப் பொம்மை காட்டுகிறது. நல்ல சர்வோவின் கணிப்பான், எவ்வளவு விலகல் என்பதோடு நில்லாமல் எவ்வளவு வேகமாக இலக்கை நெருங்குகிறோம் என்பதையும் கணக்கில் எடுத்து, நெருங்கும்போதே உந்துதலைக் குறைத்துவிடும். மலிவான சர்வோக்கள் சில, நின்ற இடத்திலேயே நடுங்கி ரீங்காரமிடுவதைக் காணலாம். அது பொம்மையின் ஆட்டந்தான்.

இந்த எண்ணம் மின்சாரத்துக்கு முன்பே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1860-களில் மிகப் பெரிய நீராவிக் கப்பலான கிரேட் ஈஸ்டர்னின் சுக்கானைத் திருப்பப் பல ஆட்கள் தேவைப்பட்டனர். 1867-இல் மக்ஃபார்லேன் கிரே என்பவரின் நீராவிச் சுக்கான் இயந்திரம் அதில் பொருத்தப்பட்டது. மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்பினாரோ அவ்வளவே சுக்கானும் திரும்பி நின்றது. (1870-இல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கடலடித் தந்திக் கம்பி போட வந்ததும் இதே கப்பல்தான்.) இத்தகைய இயந்திரங்களுக்கு சர்வோ மோட்டார் என்று பெயர் சூட்டி 1873-இல் நூல் எழுதியவர் ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்க்கோ.

ஆகவே மூட்டை நகர்த்துவது மின்சாரமா, அழுத்திய காற்றா, எண்ணெயா என்பது இரண்டாம் பட்சம். சாக்கடைக் குழியில் மீத்தேன் போன்ற எரியும் வாயுவும் இருக்கக்கூடும். சாதாரண மோட்டாரின் தூரிகைகளில் எழும் சிறு பொறியே அங்கு வெடிக்குக் காரணமாகலாம். எனவே அங்கே காற்றழுத்தத்தையோ, நன்கு மூடி முத்திரையிட்ட தூரிகையற்ற மோட்டாரையோதான் நாட வேண்டும். எதை நாடினாலும் பார்த்துத் திருத்தும் தத்துவம் மாறுவதில்லை.

இருபது கிலோ என்றால்?

கடையில் இருபது கிலோ சர்வோ என்று கேட்டு வாங்குகிறார்கள். இருபது கிலோவைத் தூக்கிவிடும் என்று எண்ணி ஏமாறும் மாணவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது 20 கிலோகிராம்-சென்டிமீட்டர். திருப்புவிசையின் அளவு அது. தண்டின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவில் 20 கிலோ எடையைத் தாங்கும்; 10 சென்டிமீட்டர் தொலைவில் 2 கிலோ; 20 சென்டிமீட்டரில் ஒரே ஒரு கிலோ. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடக்கும் பெண், அதே குடத்தைக் கையை நேரே நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிடம் தாங்கமாட்டாள். எடை மாறவில்லை, தொலைவு மாறிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் நீளக் கை. நுனியில் அரைக்கிலோ சுமை. 0.5 × 20 = 10. இத்தோடு முடிந்தது என்று நிறுத்திவிடக் கூடாது. கைக்கும் எடை உண்டு. அது 200 கிராம் என்றால் அந்த எடை நடுவில், அதாவது 10 சென்டிமீட்டரில், செயல்படுவதாகக் கொள்ளலாம், 0.2 × 10 = 2. விரல்களை இயக்க நுனிக்கு அருகே இன்னொரு சிறு சர்வோ இருக்கும். அதன் எடை 55 கிராம், தொலைவு 18 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1. ஆக மொத்தம் 13.

இதே கையை இரு மடங்கு நீட்டினால் என்னாகும்? சுமைக்கு 20, கையின் எடையும் இரட்டித்து அதன் மையமும் இரட்டிப்பதால் 8, விரல் சர்வோவுக்கு 2. கூட்டினால் 30. நீளம் இரண்டு மடங்கானபோது தேவை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. நாரைக்கு நீண்ட கழுத்து இருந்தும் அதன் தலை ஏன் சிறிதாக இருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கை படுக்கை வாட்டில் இருக்கும்போதுதான் இந்த முழுத் தேவையும். 60 பாகை உயர்த்திவிட்டால் பாதி போதும். செங்குத்தாக நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். கணக்கை எப்போதும் படுக்கை வாட்டத்துக்கே போட வேண்டும்.

அப்படியானால் 13 தேவைப்படும் இடத்தில் 15 கிலோ சர்வோவை வாங்கலாமா? கூடாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது மோட்டார் திணறி நின்றுபோகும் எல்லை. அந்த எல்லையில் அது நகர்வதேயில்லை. உள்ளே பாயும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. ஒரு மாட்டால் இழுக்கவே முடியாத பாரத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, அதுதான் மாட்டின் வேலைத்திறன் என்று சொல்வோமா? மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையே நம்பத் தக்கது. 13-க்கு 30 அல்லது 35 வாங்குவதுதான் விவேகம். மேலும் அந்த எண் எந்த மின்னழுத்தத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். பலரும் வாங்கும் 55 கிராம் எடையுள்ள எம்ஜி 996 ஆர் என்ற சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4-உம், 6 வோல்ட்டில் 11-உம் தருவதாக அச்சிட்டிருக்கும். விமான மாதிரிகளின் சிறகு மடலைத் திருப்பும் 9 கிராம் சர்வோ 1.8-தான் தரும், அந்த வேலைக்கு அது தாராளம்.

பெருச்சாளியின் வேலைக்கு வருவோம். ஈரக் கசடு பத்துக் கிலோவை 60 சென்டிமீட்டர் நீட்டிய கையால் தூக்க 600 கிலோகிராம்-சென்டிமீட்டர் வேண்டும். பொழுதுபோக்குச் சர்வோவால் ஆகிற காரியமன்று. அதே பத்துக் கிலோவை ஒரு வாளியில் போட்டு, 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையில் கயிற்றைச் சுற்றி நேர்மேலே இழுத்தால் 20 போதும். கை கசடை வாளிக்குள் தள்ளுவதோடு நின்றுவிட வேண்டும். தூக்குவதைக் கயிற்றிடம் விட்டுவிட வேண்டும். கிணற்றடியில் நம் முன்னோர் கண்ட வழிதான் இது.

வாய்மடைக்கு ஒரு சோதனை

டெல்டாவின் மாணவர்கள் செய்து பார்க்கத் தக்க ஒரு திட்டம் உண்டு. நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை என்பது இன்று நன்கு அறியப்பட்ட உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையில், துளைகளிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைக்கிறார்கள். அதனுள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு, வயலில் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி மீண்டும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதனால் முப்பது விழுக்காடு வரை நீர் மிச்சமாகலாம் என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்க்கும் பகுதியில் இது சிறிய செய்தியன்று. குழாயின் நீர்மட்டத்தை உணர்ந்து வாய்மடைப் பலகையைத் தானே தூக்கும் கருவி செய்தால் என்ன?

பலகையின் அகலம் 30 சென்டிமீட்டர், அதன்மேல் சாயும் நீரின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்போம். நீரின் அழுத்தம் மேலே சுழி, அடியில் முழு அளவு. ஆகவே சராசரி பாதி. கணக்கிட்டால் பலகையைத் தள்ளும் விசை சுமார் 6 கிலோ. நனைந்த பலகை காடியில் உராய்வதற்கு இதில் பாதி, 3 கிலோ என வைத்துக்கொள்வோம். பலகையின் எடை 2 கிலோ. ஆக 5 கிலோவை மேலே இழுக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் ஆர உருளையில் கயிற்றைச் சுற்றினால் 10 கிலோகிராம்-சென்டிமீட்டர். காடியில் வண்டல் படிந்தால் உராய்வு கூடும். எனவே 25 அல்லது 30 கிலோ சர்வோ தேவை. வழக்கமான சர்வோ அரைச் சுற்று, அதாவது 180 பாகைதான் திரும்பும். அதில் பலகை 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரும். ஒரு சிறு வயலுக்கு இந்தத் திறப்பு போதும்.

கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் இந்த வேலைக்கு சர்வோ பொருத்தமன்று என்பதே என் கருத்து. காரணம் என்னவென்றால், வாய்மடை ஆறு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரமும் பலகையின் எடையைத் தாங்கிக்கொண்டு சர்வோ மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். கையால் தூக்கிப் பிடித்திருப்பவருக்குக் கை வலிப்பது போல அதற்குச் சூடேறும். மின்கலம் தீர்ந்தால் பலகை பொத்தென்று விழும். ஆற்று மதகுகளின் ஷட்டர்களுக்குத் திருகுக் கம்பி வைத்தது இதனால்தான். திருகின் புரி சரிவு குறைவாக இருப்பதால், ஷட்டரின் எடை எவ்வளவு அழுத்தினாலும் திருகைத் திருப்ப முடியாது, உராய்வே பூட்டாகிவிடுகிறது. லஸ்கர் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆகவே வாய்மடைக்குச் சாதாரண சிறு மோட்டார் ஒன்றும், திருகுக் கம்பி ஒன்றும், பலகை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு மாறும் மின்தடையும் வாங்குங்கள். பார்த்துத் திருத்தும் சுற்றை நீங்களே அமையுங்கள். அப்போது அதுவும் ஒரு சர்வோதான். கடையில் வாங்கியதன்று, உங்கள் வேலைக்காக நீங்கள் செய்தது. ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களில் வாய்க்காலே வறண்டிருக்கும் என்பதால், இதை முதலில் ஆழ்குழாய்க் கிணறு உள்ள வயலில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இயந்திரக் கையோ நடக்கும் பொம்மையோ செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான முயற்சிகள் தோற்பது சர்வோவால் அல்ல, மின்சார வழங்கலால். 20 கிலோ சர்வோ திணறும்போது இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோ போன்ற பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து அதைக் கொடுத்தால் மின்னழுத்தம் சரிந்து, பலகை மயங்கி மறுபடி தொடங்கும். கை வெட்டி வெட்டி இழுக்கும். நிரலில் பிழை என்று எண்ணி இரவெல்லாம் தேடுவார்கள். சர்வோவுக்குத் தனி மின்கலம் வையுங்கள்; இரண்டு வழங்கல்களின் எதிர்மின் கம்பிகளை மட்டும் ஒன்றாக இணையுங்கள்; இல்லாவிடில் துடிப்பின் பொருள் சர்வோவுக்கு விளங்காது. கம்பிகள் தடித்தவையாக இருக்கட்டும். கையைத் தண்டில் பூட்டுவதற்கு முன் 1.5 மில்லி விநாடித் துடிப்பு கொடுத்து, தண்டு நடுவில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, சர்வோ எந்த எச்சரிக்கையும் இன்றி முழு வேகத்தில் திரும்பும். 30 கிலோ சர்வோவின் பற்களுக்கு அருகே விரல் இருக்கக் கூடாது.